லூசியா, மிட்சொம்மர், ஈஸ்டர், க்னூட்: சின்னப் பிள்ளையோடு ஸ்வீடனில் எந்த விழாவுக்குப் போகலாம்?

ஸ்டாக்ஹோமுக்குக் குடிவந்த புதிதில் எல்லாரும் இரண்டு விழாக்களைத்தான் சொல்வார்கள்: டிசம்பரில் லூசியா, ஜூனில் மிட்சொம்மர். இரண்டும் அழகு, சந்தேகமே இல்லை. ஆனால் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு அழகு மட்டும் போதாது. கையால் செய்ய அதற்கென்று ஏதாவது இருக்க வேண்டும். சும்மா வேடிக்கை பார்க்கக் கூட்டிப்போனால் பத்து நிமிஷத்தில் "தூக்கு" என்று ஆரம்பித்துவிடும். என் மகளுக்கு இப்போது ஐந்து வயது. மூன்று வருஷமாக எல்லாவற்றுக்கும் போய் வந்ததில் என் வரிசை தலைகீழாகிவிட்டது. யாரும் அதிகம் பேசாத ஒரு ஜனவரி விழாதான் இப்போது எனக்கு முதலிடம்.

லூசியாவிலிருந்து தொடங்குகிறேன். டிசம்பர் 13. ஸ்டாக்ஹோமில் அந்த நாட்களில் காலை எட்டரை தாண்டித்தான் சூரியன் எழும், மூன்று மணிக்கு முன்பே மறைந்துவிடும். அந்த இருட்டுக்குள் வெள்ளை அங்கியும் இடுப்பில் சிவப்பு நாடாவும் தலையில் மெழுகுவர்த்திக் கிரீடமுமாக ஒரு பெண் பாடிக்கொண்டே வருவாள், அவள்தான் லூசியா. கூடவே தோழிகள், கூம்புத் தொப்பி போட்ட நட்சத்திரப் பையன்கள். இந்த வழக்கம் பழையது. 1927-இல் ஸ்டாக்ஹோம் நாளிதழ் ஒன்று நகரத்துக்கே ஒரு லூசியாவைத் தேர்ந்தெடுத்த பிறகு நாடு முழுக்க இன்னும் பரவியது.

லூசியா என்று பொதுவாகச் சொன்னாலும் இரண்டு லூசியா உண்டு, இரண்டும் வேறு வேறு. ஒன்று தேவாலய லூசியா. தேர்ந்த பாடகர் குழு, நிஜ மெழுகுவர்த்தி, கேட்டால் நெஞ்சு நிறைந்துவிடும். ஆனால் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் சத்தமில்லாமல் உட்கார வேண்டும். மூன்று வயதுப் பிள்ளையிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. பிள்ளை ஏழெட்டு வயதாகும்வரை அதைத் தள்ளிவையுங்கள். அன்று காலை ஸ்வீடனின் பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் லூசியாவைப் போர்வைக்குள் உட்கார்ந்து பார்த்தாலே போதும். கையில் ஒரு லுஸ்ஸெகாட் இருக்கட்டும். எஸ் வடிவத்தில் சுருட்டி, இரண்டு சுருளிலும் திராட்சை வைத்த குங்குமப்பூ பன் அது. முதல் தடவை அடுப்பிலிருந்து அந்த வாசனை வந்தபோது எனக்குக் கேசரி ஞாபகம்தான் வந்தது.

இன்னொன்று டாகிஸ் லூசியா. டாகிஸ் என்று எல்லாரும் சொல்லும் பாலர் பள்ளியில் பிள்ளைகளே ஊர்வலம் வருவார்கள். இங்கே போட்டி கிடையாது, ஒரே வரிசையில் ஐந்து லூசியாக்கள்கூட வரலாம். கிரீடம் பேட்டரியில் எரியும். விரும்பினால் கிறிஸ்துமஸ் குட்டிச்சாத்தானாகவோ, பழுப்பு உடை போட்டு இஞ்சி பிஸ்கட் மனிதனாகவோ வரலாம். என் மகள் முதல் வருஷம் கிரீடம்தான் வேண்டும் என்றாள். அது புருவம்வரை சரிந்துகொண்டே இருந்ததால் ஒரு கையால் அதைப் பிடித்தபடியே நின்றாள், ஒரு வரிகூடப் பாடவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே வீட்டில் குளியலறையில் எல்லாப் பாட்டையும் முழுசாகப் பாடினாள். டாகிஸில் சேர்த்திருந்தால் நீங்கள் எதுவும் தேட வேண்டாம், இந்த விழா தானாக வந்துவிடும். சில இடங்களில் பெற்றோரை அழைக்காமல் பிள்ளைகளுக்குள்ளேயே நடத்துகிறார்கள். அதனால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மிட்சொம்மருக்கு, அதாவது நடுக்கோடை விழாவுக்கு வருவோம். ஜூன் 19-க்கும் 25-க்கும் இடையில் வரும் வெள்ளிக்கிழமை. இலையும் பூவும் சுற்றிய உயரமான கம்பத்தை நிமிர்த்தி நட்டு, சுற்றி வந்து ஆடுவார்கள். டாலர்னா மாகாணத்து லெக்சாந்தில் பல்லாயிரம் பேர் கூடுவார்கள். ஸ்டாக்ஹோமில் என்றால் ஸ்கான்சென். 1891-இல் ஆர்ட்டூர் ஹசேலியுஸ் தொடங்கிய திறந்தவெளி அருங்காட்சியகம் அது, பழைய மர வீடுகளுக்கு நடுவே விழா நடக்கும்.

சின்னப் பிள்ளைக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. பெரிய திடலில் அதன் கண்ணுக்குத் தெரிவது முன்னால் நிற்பவர்களின் முதுகுதான். முதல் வருஷம் அப்படி ஒரு கூட்டத்தில் என் மகள் கம்பத்தையே பார்க்கவில்லை. அடுத்த வருஷம் புறநகரில் ஒரு சின்னப் புல்வெளிக்குப் போனோம். காலையிலேயே போனதுதான் நல்லதாகிவிட்டது. கம்பத்துக்கு இலை சுற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது, பிள்ளைகள் கைநிறையப் பூவோடு ஓடி ஓடி எடுத்துக் கொடுத்தார்கள். அந்த ஒரு மணி நேரம் ஆட்டத்தைவிட அவளுக்குப் பிடித்திருந்தது. சாப்பாடு சைவக்காரர்களுக்கும் கஷ்டமில்லை: ஊறவைத்த ஹெர்ரிங் மீனை விட்டுவிட்டால் டில் கீரை போட்ட புது உருளைக்கிழங்கும் ஸ்ட்ராபெர்ரியும் தாராளமாகக் கிடைக்கும். மழை ஜாக்கெட் கட்டாயம். சூரியன் இரவு பத்து தாண்டி மறைந்து மூன்றரைக்கெல்லாம் எழுந்துவிடும், படுக்கையறையில் கறுப்புத் திரை இல்லாவிட்டால் மறுநாள் பிள்ளையும் தூங்காது, நீங்களும் தூங்க முடியாது. கடைகள் சீக்கிரம் மூடிவிடும், வியாழக்கிழமையே சாமான் வாங்கி வையுங்கள்.

ஈஸ்டரில் பிள்ளைகள் சூனியக்காரி வேஷம் போடுவார்கள். தலையில் முக்காடு, கன்னத்தில் சிவப்பு, மூக்கில் கறுப்புப் புள்ளிகள், ஒரு கையில் துடைப்பம், இன்னொரு கையில் பழைய காபிக் கெண்டி. அந்த நாளில் சூனியக்காரிகள் புலோகுல்லா என்ற இடத்துக்குப் பறந்துபோவார்கள் என்ற பழைய நம்பிக்கையின் மிச்சம் இது. வீடு வீடாகப் போய்த் தாங்கள் வரைந்த படத்தைக் கொடுத்து மிட்டாய் வாங்கிக்கொள்வார்கள், கொலுவுக்குச் சுண்டல் வாங்கப் போகிற மாதிரி. ஸ்டாக்ஹோம் பக்கம் பெரிய வியாழனன்று, மேற்கே யோத்தேபோரி (கோதன்பர்க்) பக்கம் ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை. "க்ளாட் போஸ்க்" (ஈஸ்டர் வாழ்த்துகள்) என்ற இரண்டு வார்த்தை தெரிந்தால் போதும். செலவே இல்லை, பக்கத்து வீட்டாரோடு பழக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் நான்கு வயதுக்குக் கீழே என்றால் தெரியாத கதவைத் தட்டச் சில பிள்ளைகள் பயப்படும். சொந்தக் கட்டிடத்துக்குள் மட்டும் போனால் நல்லது.

ஸ்கான்சென் கிறிஸ்துமஸ் சந்தை 1903-இலிருந்து நடக்கிறது. ஒருமுறை போங்கள், ஆனால் தள்ளுவண்டியோடு அந்தக் கூட்டத்தில் நகர்வதற்கே நேரம் போய்விடும்.

இப்போது என் முதலிடம். ஜனவரி 13, கிறிஸ்துமஸின் இருபதாம் நாள், ஸ்வீடன் நாட்காட்டியில் க்னூட் என்ற பெயருக்குரிய நாள். ஸ்வீடனில் அன்றுதான் கிறிஸ்துமஸ் முடிகிறது. அன்றோ அதையொட்டிய வாரக்கடைசியிலோ நடப்பது யூல்கிரான்ஸ்ப்ளுண்ட்ரிங், அதாவது கிறிஸ்துமஸ் மரத்தைக் கொள்ளையடிப்பது. மரத்தில் தொங்கும் தின்பண்டங்களைப் பிள்ளைகள் பறித்துக்கொள்வார்கள், மரத்தைச் சுற்றி ஆடுவார்கள், பிறகு மரம் வெளியே போய்விடும். ஊர்ச் சங்கங்களும் தேவாலயங்களும் குடியிருப்புச் சங்கங்களும் நடத்துகின்றன. ஐம்பது பேர் கொள்ளும் அறை, கதகதப்பு, காபி, ஒன்றரை மணி நேரத்தில் வீடு.

அங்கே ஃபிஸ்க்டம் என்று ஒன்று உண்டு, மீன் குளம். வாசலுக்குக் குறுக்கே ஒரு படுக்கை விரிப்பைக் கட்டியிருப்பார்கள். பிள்ளை கையில் ஒரு குச்சி, நூல், நுனியில் துணி கிளிப். நூலை விரிப்புக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு வெடுக். தூக்கினால் கிளிப்பில் ஒரு காகிதப் பை, உள்ளே மிட்டாய், சின்ன டப்பாவில் உலர்திராட்சை, ஒரு பென்சில். நூல் இழுபட்டபோது என் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். பையை வாங்கியதும் குனிந்து விரிப்புக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, மீன் சாக்ஸ் போட்டிருக்கு" என்றாள்.

லூசியாவில் பிள்ளை நின்று பாட வேண்டும், மிட்சொம்மரில் கூட்டத்தைத் தாங்க வேண்டும், ஈஸ்டரில் கூச்சத்தை விட வேண்டும். இங்கே ஆரம்பத்திலிருந்து கடைசிவரை எல்லாமே அதன் உயரத்துக்கு ஏற்றது. இன்னொரு லாபமும் இருக்கிறது. மரத்தைச் சுற்றி ஆடும் பாட்டுகளில் பல, ஜூனில் கம்பத்தைச் சுற்றியும் ஆடப்படுபவைதான். காதும் இல்லை, வாலும் இல்லை என்று கையை ஆட்டிக் காட்டிக் குதிக்கும் தவளைப் பாட்டு இரண்டிலும் உண்டு. ஜனவரியில் அதைக் கற்றுக்கொண்ட பிள்ளை ஜூனில் மிரளாது. என் மகள் அந்தப் புல்வெளியில் என் கையைப் பிடித்து இழுத்து, "முதல்ல காது, அப்புறம் வால்" என்று சொல்லிக்கொடுத்தாள்.

இரண்டு வயதுக்குக் கீழே என்றால் எந்த விழாவுக்கும் அவசரப்பட வேண்டாம். ஓப்னா ஃபோர்ஸ்கூலா என்ற திறந்த பாலர் பள்ளிக்குப் போங்கள். பெற்றோரும் கூடவே இருக்கலாம், பொதுவாகக் கட்டணம் கிடையாது, பாட்டு நேரம் உண்டு.

சைவக் குடும்பங்களுக்கு ஒன்று: ஈஸ்டரிலும் மீன் குளத்திலும் கிடைக்கும் ஜெல்லி மிட்டாய் பலவற்றில் பன்றி ஜெலட்டின் இருக்கும். சாக்லெட் கொஞ்சம் கைவசம் வைத்திருந்து எண்ணி மாற்றிக் கொடுத்தால் அழுகை வராது. மீன் குளத்துக்கு ஒரு சிறு தொகை கேட்கலாம், பெரும்பாலும் ஸ்விஷ் என்ற கைபேசிப் பணச் செயலி வழியாகத்தான். டிசம்பர் கடைசியிலேயே நூலகத்து அறிவிப்புப் பலகையைப் பாருங்கள், இடம் குறைவென்றால் பதிவு கேட்பார்கள். உள்ளே ஷூவைக் கழற்றச் சொல்லலாம், தடித்த சாக்ஸ் போட்டுவிடுங்கள்.