முயல் தோண்டட்டும்: ஆற்று மணலா, தும்புத்தூளா, பழைய பேப்பரா?

விறாந்தையில் கிடந்த பாயின் கரையை ஒரு கிழமைக்குள் பிய்த்து முடித்துவிட்டு அடுத்ததாக மெத்தையில் கால் வைத்தபோதுதான், எங்கள் மட்டக்களப்புக் கல்லடி வீட்டு முயல்கள் கறுப்பி, புசுபுசு இரண்டுக்கும் தோண்டுவதற்கென்றே ஒரு பெட்டி வேண்டும் என்பது எனக்கு விளங்கியது. நம்மூர்ப் பற்றைக்காட்டில் ஓடுகிற முயல் வளை தோண்டாது, அது வேறு இனம். வீட்டில் வளர்ப்பவை மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் ஐரோப்பிய முயலின் வழி வந்தவை. அதனால் ஏசிப் பயனில்லை, தோண்டும் இடத்தைத்தான் மாற்றிக் கொடுக்க வேண்டும்.

முதலில் பெட்டி. மீன் சந்தையில் ஐஸ் போட்டு வருகிற, வெள்ளை நுரைப் பிளாஸ்ரிக்கான ரெஜிபோம் பெட்டி சும்மா கிடைத்ததால் அதைக் கழுவிக் காயவைத்து உள்ளே கொண்டுவந்தேன். அரை மணித்தியாலத்தில் கறுப்பியின் வாயோரம் வெள்ளைத் துணுக்குகள்! முயலால் வாந்தி எடுக்க முடியாது, விழுங்கியது குடலில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து, ஆகவே அது அன்றைக்கே வெளியே போனது. பலகைப் பெட்டி நல்லதுதான், ஆனால் ஆணியும் பெயிண்ட்டும் இல்லாத பலகை கிடைப்பது கஷ்டம். அட்டைப்பெட்டி கடித்தாலும் பரவாயில்லை, கம்பிப் பின்னையும் டேப்பையும் கழற்றிவிட்டால் போதும், ஆனால் மூத்திரம் ஊறி இரண்டு கிழமைக்கு மேல் நிற்காது. கடைசியில் 60 சென்ரிமீற்றர் நீளம், 40 அகலமான பிளாஸ்ரிக் பெட்டியில் முடிந்தது. ஒரு பக்கத்தில் தாழ்வாக வாசல் வெட்டி, வெட்டிய விளிம்பை மண்தாளால் தேய்த்துக் கொடுத்தேன்.

பெட்டியை விட உள்ளே போடுவதில்தான் கதை இருக்கிறது.

மணல் என்றவுடன் மட்டக்களப்பில் எவருக்கும் கடற்கரைதான் நினைவுக்கு வரும். அதில் உப்பு, பாதத்தை நக்கி நக்கிச் சுத்தம் செய்கிற பிராணிக்கு அது வேண்டாம். வீடு கட்டி மிஞ்சிய ஆற்று மணலை அரித்து, கழுவி, வெயிலில் காயவைத்துப் போட்டேன். தோண்டுவதற்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. சூடான கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் புசுபுசு குழி பறித்து, வயிற்றைக் குளிர்ந்த மணலில் அழுத்திக்கொண்டு மத்தியானம் முழுக்கக் கிடக்கும். முயலுக்கு வியர்க்காது, சூட்டைப் பெரும்பாலும் காதால்தான் வெளியேற்றும் என்பதால் அந்தக் குளிர்ச்சி சின்ன விசயமில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: என் பெட்டியில் 15 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நிரப்பினால் 36 லீற்றர் மணல், நிறை 50 கிலோவுக்கு மேல், அதாவது ஒரு சீமெந்துப் பை. வீட்டைக் கூட்டும்போது அதை யார் நகர்த்துவது? பின்னங்காலால் உதைத்த மணல் கதிரைக்குக் கீழே, கட்டிலுக்குக் கீழே, சோற்றுக் கோப்பை வரைக்கும் வந்தபோது அம்மா, “என்ன மனே, கடற்கரையை வீட்டுக்குள்ள கொண்டந்து வச்சிருக்காய்?” என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

தேங்காய் மட்டையிலிருந்து எடுக்கிற தும்புத்தூள் கட்டியாக வரும், தண்ணீரில் ஊதிப் பெருகும், மணலோடு பார்த்தால் நிறையே இல்லை. சில கட்டிகளில் உப்பு இருப்பதால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசிப் பிழிய வேண்டும், அப்புறம் காயவைக்க வேண்டும். சித்திரையில் இரண்டு நாளில் காய்ந்துவிடும். கார்த்திகை, மார்கழி மழையில் காயவே காயாது, ஈரத்தோடு போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். மிக வரண்டு போனாலும் தூசு பறக்கும், மூக்கால் மட்டுமே மூச்சு விடுகிற முயலுக்கு அது ஆகாது. இலேசாகத் தண்ணீர் தெளித்து, கையில் பிடித்தால் ஒட்டாத பதத்தில் வைத்திருந்தால் சரி.

தோட்டத்து மண்ணில் பூனைப் பீயும் உரமும் இருக்கும், விடுங்கள். உமி கண்ணைக் குத்தும். பூனைக் கழிவுக்கென்று விற்கிற, நனைந்தால் கட்டியாகும் மண்ணைக் கிட்டவும் கொண்டுவர வேண்டாம், வயிற்றுக்குள்ளும் அது கட்டியாகத்தான் செய்யும்.

பேப்பரை நான் முதலில் மதிக்கவில்லை. கீலம் கீலமாகக் கிழித்துப் போட்டால் கால் வழுக்கிக்கொண்டு போகுமே தவிரத் தோண்டுகிற உணர்வு வராது, முயல் அலுத்துப்போய்ப் பாய்க்கே திரும்பிவிடும். அது பேப்பரின் பிழையில்லை, என் பிழை. இப்போது முழுத்தாள்களைக் கசக்கி, அடுக்கடுக்காகத் திணித்து, இடையிடையே காய்ந்த புல்லைச் செருகி வைக்கிறேன். தாள் ‘சர்ர்’ என்று கிழிகிற சத்தமே அவைக்குப் பிடிக்கிறது போல. சாதாரணப் பத்திரிகைத் தாள் போதும், மினுங்குகிற சஞ்சிகைத் தாளும் கடைப் பற்றுச்சீட்டும் வேண்டாம்.

எதைத் தெரிவு செய்வது என்று கேட்டால், காலைப் பார்க்காமல் வாயைப் பாருங்கள் என்பேன். புசுபுசு தோண்டும், தின்னாது, மணலோ தும்போ எதையும் அதை நம்பிக் கொடுக்கலாம். கறுப்பி எதையும் ஒரு வாய் தின்று பார்க்காமல் விடாது, அதற்குப் பேப்பரும் புல்லும்தான். இரண்டும் ஒரே பெட்டிக்குள் போகிற வீடு என்றால் தின்கிறதுதான் தீர்மானிக்கும். முதல் இரண்டு மூன்று நாள் பக்கத்திலேயே இருந்து பாருங்கள். அரை நாளாகத் தின்னாமல், புழுக்கை போடாமல் முயல் ஒடுங்கிக் கிடந்தால் விடியட்டும் என்று இருக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் மணல் இல்லை, அம்மா வென்றுவிட்டார். உள்ளே பேப்பர்ப் பெட்டி வருடம் முழுக்க. விறாந்தையில் புசுபுசுவுக்கென்று தும்புப் பெட்டி, கறுப்பி கூட்டுக்குள் இருக்கும் நேரத்தில் மட்டும் திறப்பேன். மாரி தொடங்கியதும் தும்பைத் தென்னைக்கு அடியில் கொட்டிவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்து வைப்பேன், புசுபுசு இரண்டு நாள் அதன் மேல் ஏறி நின்று சுரண்டிப் பார்க்கும், மூன்றாம் நாள் உள்ளே போய்க் கறுப்பியோடு சேர்ந்து பேப்பர் கிழிக்கும்.