சோலார் மின்வேலி: மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன்

யானை தோட்டத்துக்குள் வராமல் இருக்கச் சோலார் வேலி போட்ட முதல் வாரத்திலேயே படம் எடுத்துப் போட்டுப் பாராட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் மூன்று வாழை வெட்டு பார்த்த பிறகு எழுதுகிறேன். எங்கள் தோட்டம் கோயம்புத்தூருக்கு மேற்கே, தடாகம் பள்ளத்தாக்கில், காடு ஆரம்பிக்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இரண்டரை ஏக்கர், பாதி நேந்திரன் வாழை, மீதி மக்காச்சோளமும் கொஞ்சம் தென்னையும். மாமனார் காலத்தில் பரண் கட்டி, ராத்திரி முழுக்கத் தகர டப்பா தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எனக்குக் கல்யாணம் ஆகி வந்த பிறகும் பல வருஷம் அதுதான் நடந்தது, டப்பாவோடு பட்டாசும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். மார்கழிப் பனியில் என் வீட்டுக்காரர் பரணில் இருக்க, நான் தோட்டத்துச் சாளை வீட்டில் தூங்காமல் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்த ராத்திரிகளுக்குக் கணக்கே இல்லை.

சுற்றளவு 420 மீட்டர், ஏழு வரிசைக் கம்பி, எங்களுக்கு ஆன செலவு 1 லட்சத்து 45 ஆயிரம். வேளாண் பொறியியல் துறையில் இதற்கு மானியம் உண்டு, முதலில் அங்கே விசாரித்துவிடுங்கள், நாங்கள் அவசரத்தில் அதைச் செய்யவில்லை. கம்பெனிப் பெயர் வேண்டாம். கம்பிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி எல்லாவற்றிலும் உள்ளே நடப்பது ஒன்றுதான்: பேனல் பகலில் 12 வோல்ட் பேட்டரியை ஏற்றும், எனர்ஜைசர் என்கிற அந்தப் பெட்டி அதிலிருந்து எடுத்துக் கம்பியில் நொடிக்கு ஒரு தடவை 'டக்' என்று ஒரு அடி விடும். அந்த அடியில் பல ஆயிரம் வோல்ட் இருக்கும், ஆனால் கண்ணிமைக்கும் நேரம்கூட நிற்காது. சுண்டி இழுத்த மாதிரி வலிக்கும், தொட்டது பின்வாங்க இடைவெளி இருக்கும், உயிருக்கு ஆபத்து வராது. நானே தெரியாமல் இரண்டு முறை தொட்டிருக்கிறேன். தோள் வரைக்கும் உதறிவிட்டது, அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது.

இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "எதுக்குங்க இவ்வளவு காசு, வீட்டு லைன்ல இருந்து ஒரு ஒயர் இழுத்து விட்டா வேலை முடிஞ்சுது" என்று எங்கள் ஊரிலேயே சொன்னவர்கள் உண்டு. வீட்டு மின்சாரம் விட்டு விட்டு வராது, பிடித்தால் பிடித்ததுதான், தசை இறுகிப்போய் விலகவே முடியாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளிப் பக்கம் அப்படிக் கட்டிய கம்பியில் மூன்று பெண் யானைகள் ஒரே ராத்திரியில் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தப்பித்து அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்ததை டிவியில் பார்த்துவிட்டு அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. யானையை விடுங்கள், விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகும் பக்கத்துத் தோட்டத்து ஆளும் அதே கம்பியில்தான் கால் வைப்பார். அந்த வருஷமே தமிழ்நாடு அரசு மின்வேலிகளுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. காப்புக்காட்டை ஒட்டிய நிலம் என்றால் வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும், பெட்டியும் தரச்சான்று உள்ளதாக இருக்க வேண்டும். தயவுசெய்து அதை அலைச்சலாக நினைக்காதீர்கள்.

சரி, வேலை செய்கிறதா? செய்கிறது. போட்ட இரண்டாவது மாதம் ஒரு பெரிய பெண் யானையும் குட்டியும் இட்டேரிப் பாதை வழியாக இறங்கி வந்து கம்பிக்கு முன்னால் நின்றதை நானே சாளை ஜன்னலிலிருந்து பார்த்தேன். நிலா வெளிச்சம். தும்பிக்கையை நீட்டித் தரையை முகர்ந்தது, அப்புறம் மெதுவாகக் கம்பிப் பக்கம் கொண்டுபோய் நுனியால் தொட்டது. ஒரு பிளிறல். குட்டியைக் காலுக்கு நடுவே இழுத்துக்கொண்டு திரும்பி நின்று, கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டுப் பள்ளத்து வழியாகப் போய்விட்டது. காலையில் போய்ப் பார்த்தால் ஈர மண்ணில் தாயின் தடத்துக்குள்ளேயே குட்டியின் தடமும் பதிந்திருந்தது. எங்கள் வாழையில் ஒரு இலை கிழியவில்லை, அதற்கும் ஒரு காயமில்லை.

ஆனால் அடுத்த ஐப்பசியில் 60 வாழை போனது. அன்றைக்குச் சாயங்காலம் காற்றடித்து ஒரு தென்னை மட்டை கம்பி மேல் விழுந்து கிடந்தது, யாரும் கவனிக்கவில்லை. மட்டையும் கீழே முளைத்த உன்னிச்செடியும் கம்பியைத் தொட்டால் மின்சாரம் அது வழியாக மண்ணில் இறங்கிவிடும், பெட்டி மட்டும் 'டக் டக்' என்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். நாங்களும் சத்தம் கேட்கிறதே என்று நிம்மதியாகத் தூங்கிவிட்டோம். காலையில் கம்பியில் எத்தனை வோல்ட் என்று காட்டும் டெஸ்டரை வைத்தால் 2.1 கிலோவோல்ட் காட்டியது, 7க்கு மேல் இருக்க வேண்டியது. வந்தது கொம்பன். தந்தத்தில் ஷாக் ஏறாது என்பது அவற்றுக்கு நன்றாகவே தெரியும். தந்தத்தைக் கொடுத்துக் கம்பியை அறுக்கும், காலால் வேலிக் கல்லை மிதித்துச் சாய்க்கும், மரக்கிளையை முறித்து மேலே போடும். கம்பி உயிரோடு இருந்தால் பெரும்பாலும் பக்கத்தில் வராது, செத்த கம்பியை எப்படியோ தெரிந்துகொள்கிறது.

அப்போதுதான் இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. வேலி போட வந்த ஆட்கள் எர்த் கம்பி ஒன்றே ஒன்றை, அதுவும் இரண்டடி ஆழத்தில் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். மழைக்காலத்தில் எப்படியோ ஓடியது, பங்குனி சித்திரையில் மண் காய்ந்ததும் ஷாக் பாதியாகக் குறைந்திருக்கிறது. போன் செய்தால் "வர்றோங்க, வர்றோங்க" என்று ஒரு மாதம் ஓட்டினார்கள். கடைசியில் நாங்களே ஆள் வைத்து, ஆறடி ஆழத்தில் மூன்று கம்பி இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடினோம். இப்போது வெயில் காலத்தில் வாரம் இரண்டு முறை அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றுகிறேன். தொட்ட யானையின் உடம்பு வழியாக மண்ணில் இறங்குகிற மின்சாரம் எர்த் கம்பி வழியாகப் பெட்டிக்குத் திரும்பினால்தான் அடி விழும், அதனால் பேட்டரிக்குக் கொடுக்கும் கவனத்தை எர்த்துக்கும் கொடுங்கள்.

காட்டுப்பன்றிக்கு இந்த வேலியை முழுசாக நம்ப வேண்டாம். அடிக்கம்பி தாழ்வாக இருந்து மூக்கு பட்டால்தான் உண்டு, முதுகுமயிர் பட்டால் அது கண்டுகொள்ளாது. மயில் பறந்து வரும், முள்ளம்பன்றி தோண்டிக்கொண்டு வரும். இப்போது வனத்துறை காட்டோரங்களில் தொங்கும் சோலார் வேலி போடுகிறது. உயரத்தில் ஒரு கம்பி இழுத்து அதிலிருந்து கம்பிகளைத் திரைச்சீலை மாதிரி தொங்கவிடுகிறார்கள், யானைக்குச் சாய்க்கத் தூண் கையில் கிடைக்காது. காசு ஒத்துவந்தால் நான் அதைத்தான் சொல்வேன்.

ஒன்று என்னை உறுத்துகிறது. எங்கள் கம்பியில் அடிபட்ட யானை நேராகக் காட்டுக்குப் போவதில்லை, வேலி போட வசதியில்லாத பக்கத்துத் தோட்டத்து அக்காவின் சோளத்துக்குப் போகிறது. பிடித்துக் கொண்டுபோய் விடுவதும் தீர்வாகத் தெரியவில்லை. எங்கள் பகுதியில் சுற்றிய சின்னதம்பி என்ற யானையை 2019 ஜனவரியில் பிடித்து டாப்சிலிப் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். சில நாளிலேயே அது கீழே இறங்கி உடுமலைப் பக்கம் கரும்புக்கு வந்துவிட்டது, பிப்ரவரியில் மறுபடியும் பிடித்து முகாமில் வைக்க வேண்டியதாயிற்று. அதனால் போன வருஷம் நாங்கள் நாலு தோட்டக்காரர்கள் பேசி, நாலுக்கும் சேர்த்து வெளிப்பக்கமாக ஒரே வேலி ஆக்கினோம், பள்ளத்தை மட்டும் அவற்றுக்கு வழியாகத் திறந்தே விட்டிருக்கிறோம். முன்னைவிட இது எனக்கு மனசுக்கு ஒத்திருக்கிறது.

வேலி பயிரைத்தான் காக்கும், ரோட்டில் நடந்து போகிற ஆளைக் காக்காது. வால்பாறையில் அதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். யானை எந்த எஸ்டேட் பக்கம் நிற்கிறது என்று சாயங்காலமே போனுக்கு மெசேஜ் போகும், உயரத்தில் கட்டிய சிவப்பு விளக்கு எரியும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் அழைப்பும் உண்டு. யானை ஆராய்ச்சியாளர் ஆனந்தகுமாரும் அவருடைய குழுவும் வனத்துறையோடு சேர்ந்து செய்த வேலை, அதற்காக அவருக்கு 2015இல் விட்லி என்கிற இயற்கைப் பாதுகாப்பு விருது கிடைத்தது. யானை நிற்பது தெரியாமல் எதிரில் போய் மாட்டிக்கொண்டதுதான் அங்கே பெரும்பாலான சாவுகளுக்குக் காரணமாக இருந்தது. எங்கள் ஊரிலும் இப்போது வாட்ஸ்அப்பில் நாங்களாகவே அந்த மாதிரி தகவல் போட்டுக்கொள்கிறோம்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். தினமும் சாயங்காலம் ஒரு சுற்று நடந்து, அடியில் வளர்ந்ததை வெட்டி, டெஸ்டர் வைத்துப் பார்க்க ஆள் இருக்கிற வீட்டுக்குத்தான் அந்த நாலு. இருபது நிமிஷ வேலை, எங்கள் வீட்டில் அது என் வேலை. வெளியூரில் இருந்துகொண்டு மாதம் ஒருமுறை வருகிறவர்கள் வாங்க வேண்டாம். வாங்குவதாக இருந்தால் கடைசித் தவணைப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள், அங்கே எப்போதும் நன்றாகத்தான் காட்டும். டெஸ்டரை வாங்கிக்கொண்டு தோட்டத்தின் கடைக்கோடிக் கல்லுக்கு நடந்து போய், அங்கே வைத்துப் பாருங்கள்.