சொல்லழுத்தம்: விதியா, அகராதியா?

ஆங்கிலச் சொல்லில் எந்த அசையை அழுத்துவது என்று அறிய இரண்டு வழி: விகுதி விதிகளைப் பிடித்துக்கொள்வது, அல்லது ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டுவது.

நீளமான சொற்களுக்கு விதிதான் லாபம். '-ஷன்', '-இக்', '-இட்டி' என்று முடிந்தால் அழுத்தம் விகுதிக்கு முந்தைய அசையில்: எஜுகேஷனில் 'கே', எகனாமிக்கில் 'னா', எபிலிட்டியில் 'பி'. பாலிடிக்ஸ், கேத்தலிக் போன்ற சில மட்டும் முதல் அசையிலேயே அழுத்தம் வாங்கி அடம்பிடிக்கும்.

ஈரசைச் சொற்களில் விதியை நம்பாதீர்கள். ரெக்கார்ட் பெயர்ச்சொல்லானால் முதல் அசை, வினையானால் இரண்டாவது, சரிதான். அதையே ரிப்போர்ட்டுக்கும் நீட்டினால் தப்பு. பெயரோ வினையோ, அதற்கு இரண்டாம் அசைதான். விசிட்டுக்கு எப்போதும் முதல் அசை. இங்கே அகராதியே கதி. அதில் மேலே நிற்கும் சிறு கோடு, தனக்கு அடுத்து வரும் அசையை அழுத்தச் சொல்கிறது. முந்தையதை என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறைய. கீழே நிற்கும் கோடு துணை அழுத்தம், ஆரம்பத்தில் விட்டுவிடலாம்.

விதி சொல்லாத இன்னொன்றும் அகராதியில் உண்டு: அழுத்தமில்லாத உயிரொலி எப்படித் தேய்கிறது என்பது. நாம் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே எடையில் உச்சரித்துப் பழகியவர்கள். கம்ப்யூட்டரில் 'ப்யூ'வை மட்டும் உரக்கச் சொன்னால் போதாது. அதை நீட்டி, 'கம்', 'டர்' இரண்டையும் வாய் அதிகம் திறக்காமல் சட்டென்று முடிக்க வேண்டும். தேய்க்காமல் குரலை மட்டும் உயர்த்தினால் அதட்டுவதுபோல் கேட்கும்.