'சாலிட் கார்பைடு' பிட் வாங்கினீர்களா? முதலில் எடை போட்டுப் பாருங்கள்

வீட்டில் சின்ன சிஎன்சி ரவுட்டர் (கம்ப்யூட்டர் கட்டளைப்படி மரம் வெட்டும் மெஷின்) வைத்துப் பெயர்ப் பலகை, பூஜை மாடக் கதவு என்று வெட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஆன்லைனில் தங்க நிறத்தில் பளபளக்கும் பிட் (அதில் மாட்டும் வெட்டு முனை) செட் ஒன்று விற்கிறது. 6 மி.மீ., இரண்டு ஃப்ளூட் (சீவல் வெளியேறும் பள்ளம்; ஒவ்வொன்றுக்கும் ஒரு வெட்டும் பல்), ஐந்து பிட். 'சாலிட் கார்பைடு, டைட்டானியம் கோட்டிங்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதாவது முழுக்க கார்பைடு, ஸ்டீலைவிடக் கடினமான பொருள். 1,150 ரூபாய் கொடுத்து வாங்கினேன்.

முதல் பிட்டை 12 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் பிளைவுட்டில் இறக்கினேன். அரை அடி போவதற்குள் கருகல் வாடை. சுருள் சுருளாக வர வேண்டிய சீவல் மாவாக வந்தது, வெட்டிய ஓரம் கறுத்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் முனையில் தங்கப் பூச்சு போய், அடியில் நீலம் பூத்திருந்தது. ஸ்டீல் சூடேறினால் வரும் அதே நீலம். இந்த வகை பிளைவுட்டில் இருக்கும் ஃபீனால் பசை ஸ்டீல் பிட்டின் கூர்மையைச் சீக்கிரமே தின்றுவிடும். அதற்காகத்தானே கார்பைடு தேடிப் போகிறோம்.

இரண்டாவது பிட் இன்னும் மோசம். ஓடிக்கொண்டிருக்கும்போதே கோலெட்டிலிருந்து (பிட்டைக் கவ்வும் பிடி) நழுவி, பலகையைத் தாண்டி அடியில் போட்டிருந்த எம்டிஎஃப் (மரநார் பலகை) வரை தோண்டிவிட்டது. நட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. ஷாங்க்கை, அதாவது கோலெட்டுக்குள் போகும் காம்பை, காலிப்பர் என்ற அளவுகோலில் அளந்தேன்: 5.88 மி.மீ. ஒழுங்கான 6 மி.மீ. பிட்டில் நூறில் ஒரு மி.மீ. கூடக் குறையாது. சீவலை மேலே தள்ளும் அப்கட் பிட் சுற்றும்போது தன்னைத்தானே மரத்துக்குள் இழுத்துக்கொள்ளும். பிடி கொஞ்சம் தளர்ந்தாலே போதும், இறங்கிவிடும். (3018 என்ற சின்ன ரக சிஎன்சி மாதிரி மெஷின் வைத்திருப்பவர்கள் 3.175 மி.மீ. கோலெட்டில் 3 மி.மீ. ஷாங்க்கைப் போட்டாலும் இதே கதிதான்.)

விற்றவருக்குப் போன் போட்டேன். "சார், உங்க செட்டிங் தப்பு. ஸ்பிண்டிலை 24,000 வச்சுட்டு, ஃபீடை 300-க்குக் குறைங்க, வெண்ணெய் மாதிரி வெட்டும்" என்றார். ஸ்பிண்டில் என்பது பிட்டைச் சுற்றும் மோட்டார், 24,000 அது நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று; ஃபீட் என்பது பிட் மரத்தில் நகரும் வேகம். இந்தப் பதில்தான் எனக்கு ஆத்திரம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 300 மி.மீ. ஃபீடை 24,000 சுற்றாலும் இரண்டு ஃப்ளூட்டாலும் வகுத்தால், ஒரு பல் ஒரு தடவைக்கு எடுப்பது 0.006 மி.மீ. அது வெட்டு இல்லை, உரசல். வெட்டுகிற சூடு சீவலோடு வெளியேற வேண்டும். சீவலே வராவிட்டால் சூடு பிட்டில்தான் ஏறும். நான் வைத்திருந்தது 18,000 சுற்று, 1,800 ஃபீட். அதாவது பல்லுக்கு 0.05 மி.மீ. பிளைவுட்டுக்கு அது சரியான அளவு. அவர் சொன்னபடி ஓட்டினால் நல்ல கார்பைடு பிட்டே கருகிப் போகும்.

சரி, பொருள் என்னதான் என்று பார்த்துவிடலாம் என நகை எடை போடும் சின்ன டிஜிட்டல் தராசில் வைத்தேன். கார்பைடு ஒரு கன செ.மீ. 14 கிராமுக்கு மேல் இருக்கும், எச்எஸ்எஸ் என்ற பிட் ஸ்டீல் எட்டு கிராம் அளவுதான். 6 மி.மீ. தடிமனும் 50 மி.மீ. நீளமும் உள்ள கார்பைடு பிட், ஃப்ளூட் பள்ளம் போக 16 கிராமாவது நிற்க வேண்டும். இது 9.6 கிராம். பூச்சு அடித்த சாதா ஸ்டீல்! காந்தத்தை நம்பாதீர்கள், கார்பைடிலும் கோபால்ட் கலந்திருப்பதால் நல்ல காந்தம் அதையும் இழுக்கும். தராசு ஏமாற்றாது.

எடை போட்ட படத்தை அனுப்பியதும் "பயன்படுத்திய பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம்" என்று பதில் வந்தது. அப்படிச் சொல்ல அவர்களுக்கு வழியில்லை. 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்து, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், தராசுப் படம், காலிப்பர் படம் மூன்றையும் வைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். விளம்பரத்தை முதல் நாளே படம் எடுத்து வைப்பது முக்கியம். நான் புகார் கொடுத்த பிறகு அந்தப் பக்கத்தில் 'சாலிட்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டார்கள். விலையும் படமும் அப்படியே இருக்கின்றன.