மைஎஸ்க்யூஎல்லா, போஸ்ட்கிரெஸா: விற்கும் மென்பொருளோடு எதைச் சேர்த்துத் தருவது?

மூலநிரல் தராமல் விற்கும் பில்லிங் மென்பொருளின் இன்ஸ்டாலருக்குள் தரவுத்தளத்தையும் வைப்பதானால், எங்கள் தேர்வு போஸ்ட்கிரெஸ். கட்டுப்பாடு குறைந்த பிஎஸ்டி வகை உரிமம்; ஒவ்வொரு பிரதியிலும் பதிப்புரிமை அறிவிப்பும் உரிம வாசகமும் இருந்தால் போதும்.

மைஎஸ்க்யூஎல்லின் இலவச கம்யூனிட்டி பதிப்புக்கு ஜிபிஎல் 2 உரிமம்; பிரதி தருபவர் மூலநிரலையும் தர வேண்டும் என்பது அதன் அடிப்படை. சர்வரில் ஒரு வரிகூட மாற்றாவிட்டாலும் அதன் மூலநிரலைக் கூடவே தர வேண்டும்; இல்லையேல், கேட்டால் தருவதாகக் குறைந்தது 3 ஆண்டு செல்லும் எழுத்துப்பூர்வ உறுதி. ஆனால் பலர் சறுக்குவது, உங்கள் நிரல் சர்வரோடு பேச உதவும் கிளையன்ட் லைப்ரரியில்தான். அதை உங்கள் நிரலோடு லிங்க் செய்து விநியோகித்தால், உங்கள் நிரலும் ஜிபிஎல்லுக்குள் வரும், அதன் மூலநிரலையும் தர வேண்டிவரும் என்பதே பரவலான கருத்து. மைஎஸ்க்யூஎல்லின் உரிமையாளரான ஆரக்கிள் தரும் விதிவிலக்கு திறந்த மூல மென்பொருளுக்கு மட்டுமே. எனவே ஆரக்கிளிடம் வணிக உரிமம் வாங்குங்கள். அல்லது அதே வேலையைச் செய்யும் மரியாடிபி கனெக்டருக்கு மாறுங்கள்; அதன் எல்ஜிபிஎல் 2.1 உரிமம், லிங்க் செய்யும் உங்கள் நிரலைத் திறக்கச் சொல்லாது. மாறினாலும் சர்வரின் மூலநிரல் கடமை நீங்காது. உங்கள் சொந்த சர்வரில் மட்டும் ஓட்டி, பிரதியே தராவிட்டால் இந்தக் கேள்வி எழாது.

போஸ்ட்கிரெஸிலும் கண் வேண்டும். வரைபட வசதிக்காக போஸ்ட்ஜிஐஎஸ் சேர்த்தால், அது ஜிபிஎல். கட்டளை வரியில் இயங்கும் பிஎஸ்க்யூஎல் (psql) கருவியையும் அனுப்புவதானால், வரித் திருத்தத்துக்கான ஜிபிஎல் உரிம லைப்ரரி ரீட்லைனுக்குப் பதில், பிஎஸ்டி உரிம லிப்எடிட்டோடு பில்டு செய்யுங்கள்.