மருந்து பம்புக்கு ஈய பேட்டரியா, லித்தியமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி எஸ்டேட் டவுன்களில், செம்பனைக்கு மருந்து அடிக்கும் 16 லிட்டர் முதுகு பம்பைத் திறந்தால் வழக்கமாக உள்ளே இருப்பது 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி. அது செத்துப்போனால் அதே மாதிரி இன்னொன்று வாங்கலாம். கூடுதல் வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து லித்தியத்துக்கும் மாறலாம். விலையைப் பார்ப்பதற்கு முன்னால் ஒன்றை யோசியுங்கள்: வேலை முடிந்த சாயங்காலம் அந்த பம்ப் என்ன நிலையில் கிடக்கும்?

ஈய பேட்டரி மின்சாரம் கொடுக்கும்போது எதிர்முனைத் தகட்டு ஈயத்தின் ஆக்சிஜனேற்ற எண் (அணு எத்தனை எலக்ட்ரானை இழந்திருக்கிறது என்ற கணக்கு) 0-இலிருந்து +2 ஆக ஏறுகிறது. நேர்முனையில் ஈய டைஆக்சைடாக இருக்கும் ஈயம் +4-இலிருந்து +2-க்கு இறங்குகிறது. ஒரு பக்கம் ஆக்சிஜனேற்றம், மறுபக்கம் ஒடுக்கம். நடுவில் எலக்ட்ரான்கள் பம்ப் மோட்டார் வழியாகச் சுற்றிப் போகின்றன. கடைசியில் இரண்டு தகட்டிலும் படிவது ஒரே பொருள், ஈய சல்பேட். படிவம் 5 வேதியியலில் முதல் பாடமே இந்த ஆக்சிஜனேற்றமும் ஒடுக்கமும் சேர்ந்த ரெடாக்ஸ்தான். தேர்வுக்கு இவ்வளவு போதும், பம்புக்குப் போதாது.

புதிதாகப் படிந்த சல்பேட் பொடிப்பொடியாக இருக்கும். சார்ஜ் ஏற்றினால் திரும்பக் கரையும். காலி பேட்டரியைச் சில வாரம் அப்படியே போட்டுவிட்டால் அந்தப் பொடி பெரிய படிகமாக இறுகிவிடும். படிகம் மின்சாரத்தைக் கடத்தாது, எளிதில் கரையவும் கரையாது. +2-இல் மாட்டிக்கொண்ட ஈயம் 0-க்கும் போகாது, +4-க்கும் போகாது. இதைக் கண்டுபிடிப்பது சுலபம். சார்ஜரில் போட்ட கொஞ்ச நேரத்திலேயே பச்சை விளக்கு எரியும், மீட்டரில் 12.6 வோல்ட் கூடக் காட்டும். பம்ப் சுவிட்சைத் தட்டியதும் 10-க்குக் கீழே விழும். "சார்ஜ் சீக்கிரம் ஏறுது" என்று சந்தோஷப்படாதீர்கள், பேட்டரி முடிந்துவிட்டது.

லித்தியத்தில் ஒரே வகை இல்லை, இங்கே பேசுவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். அதில் எண் மாறுவது இரும்புக்கு. சார்ஜ் ஏறும்போது +2-இலிருந்து +3, இறங்கும்போது +3-இலிருந்து +2. லித்தியம் அயனி +1-ஆகவே பாஸ்பேட் படிகத்துக்கும் கிராஃபைட்டுக்கும் இடையே போய்வருகிறது. தகட்டில் இறுகிப்போக சல்பேட் என்று ஒன்று இதில் இல்லை. பாதி சார்ஜில் மாதக்கணக்கில் கிடந்தாலும் கெடாது. சொல்லப்போனால் எடுத்து வைப்பதற்குப் பாதி சார்ஜ்தான் நல்லது.

தோட்டத்தில் தெரியும் வித்தியாசம் அழுத்தம். ஈய பேட்டரி இறங்க இறங்க வோல்ட்டும் குறையும், பம்ப் சோர்ந்துபோகும், மருந்து விழும் அளவு மாறும். காலையில் அடித்த வரிசைக்கும் மதியம் அடித்த வரிசைக்கும் ஒரே அளவு மருந்து விழுந்திருக்காது. லித்தியம் 13 வோல்ட்டை ஒட்டியே கடைசி வரை ஓடி, சட்டென்று நிற்கும். அதனால் மீட்டரை வைத்து மிச்சம் எவ்வளவு என்று கணிக்க முடியாது. எடையும் பாதிக்கும் குறைவு. 8 ஆம்பியர்-மணி என்று ஈய பேட்டரியில் எழுதியிருப்பது 20 மணி நேரம் மெதுவாக இழுத்தால் கிடைக்கும் கணக்கு. 3 ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்கு அவ்வளவு வராது. லித்தியத்தில் அநேகமாக எழுதியது கிடைக்கும்.

லித்தியம் வாங்குபவர்கள் கோட்டைவிடுவது சார்ஜரில். உறையில் "12 வோல்ட் லித்தியம்" என்று மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். 12.8 வோல்ட் என்றால் நான்கு செல் இரும்பு பாஸ்பேட், 14.6 வோல்ட் வரை ஏற்றலாம். 11.1 வோல்ட் என்றால் அது வேறு வகை, மூன்று செல், 12.6-க்கு மேல் ஏற்றவே கூடாது. அதைப் பழைய ஈய சார்ஜரில் போட்டால் 14.4 வோல்ட் உள்ளே போகும். பாதுகாப்புச் சர்க்யூட் கைவிட்டால் தீப்பிடிக்கும். இன்னொரு தொல்லை: அடியோடு காலியானதும் அந்தச் சர்க்யூட் இணைப்பைத் துண்டிக்கும், முனையில் 0 வோல்ட் காட்டும். பேட்டரி செத்துவிட்டது என்று தூக்கி எறிய வேண்டாம். ஈய சார்ஜர் அதை எழுப்பாமல் போகலாம், லித்தியத்துக்கென்றே உள்ள சார்ஜர் எழுப்பும்.

தகரக் கொட்டகைச் சூடு இரண்டுக்கும் ஆகாது. 10 டிகிரி கூடினால் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். லித்தியமும் முழு சார்ஜோடு சூட்டில் கிடந்தால் சீக்கிரம் தளரும்.

அன்றன்றைக்கே சார்ஜ் போடும் கை என்றால் ஈயமே போதும், வெள்ளி மிச்சம். கோயில் அவசர விளக்கு மாதிரி 13.6 வோல்ட்டில் எப்போதும் செருகியே இருக்கும் இடத்துக்கும் ஈயம்தான் பொருத்தம். ஒரே பம்ப் நாலு பேர் கை மாறுகிறது, கடைசியில் யார் சார்ஜ் போடுவது என்று தெரியாது என்றால் லித்தியம் வாங்குங்கள், சார்ஜரையும் சேர்த்து.

பழைய ஈய பேட்டரியை இரும்புக்கடையில் நிறுத்து எடுத்துக்கொள்வார்கள். லித்தியத்துக்கு அந்த வரவேற்பு இருக்காது. மலேசிய அட்டவணைக் கழிவு (அபாயகரமான கழிவு) பட்டியலில் ஈய பேட்டரி எஸ்.டபிள்யூ. 102, லித்தியம் எஸ்.டபிள்யூ. 103. இரண்டையும் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. கொடுக்கும் முன் லித்தியத்தின் முனைகளை டேப் ஒட்டி மூடிவிடுங்கள்.