பத்துச் சனிக்கிழமைகள்: டர்பனில் ஓர் இளைஞர் பயிற்சி பற்றிய மதிப்புரை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் இளைஞர் பிரிவைப் பதினோரு ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். இத்தனை காலமும் நாங்கள் செய்ததெல்லாம் உதவிதான்: தைப்பூசக் காவடியன்று அன்னதானம், ஜனவரியில் பள்ளி திறக்கும்போது காலணியும் சீருடையும், வேலை தேடும் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தல். உதவி பெற்ற குடும்பமே மறு ஆண்டும் வரிசையில் நிற்பதைப் பார்த்துப் பார்த்து மனம் கனத்திருந்த வேளையில், இளைஞர்களையும் இளைஞர் பணியாளர்களையும் ஒன்றாக உட்காரவைத்து, சமூகக் கட்டமைப்புகளை எப்படி மாற்றுவது என்று கற்பிக்கும் ஒரு பத்து வாரப் பயிற்சியைப் பற்றிக் கேள்விப்பட்டேன். எங்கள் பிள்ளைகள் ஆறு பேருடன் நானும் சேர்ந்து முழுவதும் முடித்தேன். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால், அதை நடத்தும் தொண்டு நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. செப்டம்பர் முதல் நவம்பர் வரை, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் ஒரு மணிக்கு முடியும். டாக்சிச் செலவை அன்றன்றே கையில் கொடுத்துவிடுகிறார்கள். மதியம் பீன்ஸ் கறி ஊற்றிய பன்னி சௌ (உள்ளே குடைந்த ரொட்டியில் கறி நிரப்பிய டர்பன் உணவு) தருகிறார்கள். வீட்டில் பணம் கேட்கத் தயங்கும் பிள்ளைகள் ஒரு வாரம்கூட நிற்காமல் வந்ததற்கு இந்த ஏற்பாடுதான் காரணம் என்பதால், இதைச் சிறிய விஷயமாக நான் எண்ணவில்லை.

முதல் வாரமே ஒரு விதி சொன்னார்கள். ஒவ்வொரு குழுவும் தன் தெருவிலுள்ள ஒரு குறையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு நிவாரணம் தேடாமல், அந்தக் குறை யாருடைய மேசையில் பிறக்கிறது என்று மட்டும் தேட வேண்டும். எங்கள் குழு எடுத்துக்கொண்டது அடையாள அட்டை. இந்நாட்டில் 16 வயது நிறைந்தவர் அதற்கு விண்ணப்பிக்கலாம். முதல் அட்டைக்குக் கட்டணமும் கிடையாது. அதைக் காட்டித்தான் வங்கிக் கணக்குத் தொடங்க வேண்டும், வாக்காளராகப் பதிய வேண்டும், வேலையில் சேர வேண்டும். ஆனாலும் எங்கள் அடுக்குமாடிகளில் பள்ளி முடித்த பிறகும் அட்டை இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். வேலைக்கு அழைப்பு வந்த பிறகுதான் அலைவார்கள்; அட்டை கைக்கு வருவதற்குள் அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார்.

சுவரில் பழுப்புத் தாள் ஒன்றை ஒட்டி, "ஏன்?" என்று எழுதி எழுதிக் கீழே இறங்கினோம். அலுவலகம் தொலைவில் இருக்கிறது. பெற்றோருக்கு விடுப்புக் கிடைப்பதில்லை. ஒரு நாள் கூலி போய்விடும். இதுவரை எங்களுக்குத் தெரிந்ததுதான். பள்ளிகளுக்கே சென்று விண்ணப்பம் வாங்கும் நடமாடும் வண்டி அட்டை வழங்கும் உள்துறையிடம் இருக்கிறதே, அது ஏன் இங்கே வரவில்லை என்று ஒரு பையன் கேட்டான். யாருக்கும் விடை தெரியவில்லை. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி அடுத்த திங்களன்று தான் படிக்கும் பள்ளியின் அலுவலகத்துக்கே போய், அங்கே பணிபுரியும் அம்மையாரிடம், "ஆன்ட்டி, அந்த வண்டியை யார் கூப்பிட வேண்டும்?" என்று கேட்டாள். அவர் சற்று யோசித்துவிட்டு, "பள்ளி கடிதம் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன், கண்ணு. இதுவரை யாரும் கேட்டதில்லை" என்றாராம். மறு சனிக்கிழமை அவள் அதைச் சொன்னபோது மண்டபம் அமைதியானது. அந்தப் பள்ளியில் யாரும் கெட்டவர்கள் அல்லர். அக்கடிதத்தை எழுதுவது யாருடைய வேலைப் பட்டியலிலும் இல்லை, அவ்வளவே. பதினோரு ஆண்டுகள் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த எனக்கு இந்த ஒரு கேள்வி தோன்றவில்லையே என்று அன்று உண்மையாகவே வருந்தினேன். இந்தப் பயிற்சியின் மதிப்பு என்னவென்று யாராவது கேட்டால், நான் இந்த நிகழ்ச்சியைத்தான் சொல்வேன்.

பாடங்களில் நான்காம் வாரம் மிகச் சிறந்தது. 2008ல் கேப் டவுனின் கயலிட்ஷா பகுதியில் தொடங்கிய, பள்ளிக் கல்வியில் சமத்துவம் கோரும் 'ஈக்குவல் எஜுகேஷன்' இயக்கத்தின் வரலாற்றை அன்று விரிவாக எடுத்தார்கள். அங்குள்ள லூலாசா உயர்நிலைப் பள்ளியில் 500 சன்னல் கண்ணாடிகள் உடைந்து கிடந்ததை மாணவர்கள் படம் பிடித்துக் காட்டி, கையெழுத்துத் திரட்டி, சரிசெய்ய வைத்தார்கள். ஒரு பள்ளியின் கண்ணாடியோடு அவர்கள் நின்றிருந்தால் அதுவும் எங்கள் சீருடை தானம் போலத்தான் முடிந்திருக்கும். ஒரு பள்ளிக்கு எவையெல்லாம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று நாட்டில் விதியே இல்லை என்பதைக் கண்டுகொண்டு, பல ஆண்டுகள் போராடினார்கள். 2013 நவம்பர் 29 அன்று குடிநீர், மின்சாரம், கழிப்பறை உள்ளிட்டவற்றுக்குக் கெடு வைத்த விதிமுறைகள் வெளியாயின. அவற்றிலிருந்த ஓட்டைகளை எதிர்த்து மீண்டும் வழக்குத் தொடுத்து, 2018ல் பீஷோ உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். இந்தப் பத்தாண்டுக் கதையை ஆண்டு ஆண்டாகத் தாளில் வரைந்து காட்டியதால், மாற்றம் என்பது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்று எங்கள் பிள்ளைகளுக்குப் புரிந்தது.

பாடநூலில் 1976 ஜூன் 16 அன்று நிறவெறி அரசின் கல்விக் கொள்கையை எதிர்த்து எழுந்த சொவெட்டோ மாணவர்கள் பற்றிய பகுதி தகுந்த இடத்தில் இருக்கிறது. தில்லையாடி வள்ளியம்மையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த அந்தப் பெண் சத்தியாகிரகத்தில் சிறை சென்று, வெளியே வந்த சில நாட்களில், 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்தாள். ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்கள்மீது விதிக்கப்பட்டிருந்த மூன்று பவுண்டு தலைவரி அதே ஆண்டில் ஒழிந்தது. அவளைச் சேர்க்குமாறு எழுதிக் கேட்டிருக்கிறேன்.

ஜூலு மக்கள் வாழும் பக்கத்து ஊரான உம்லாசியிலிருந்து வந்த பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் ஒரே குழுவில் இருந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். 350க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் அஞ்சிய நாட்களை நாங்கள் மறக்கவில்லை. இங்கே நல்லிணக்கம் பற்றி யாரும் உரை நிகழ்த்தவில்லை. ஆங்கிலத்தில் நடப்பதை உடனுக்குடன் ஜூலுவில் சொன்னார்கள், எல்லாரும் ஒரே தாளில் எழுதினார்கள். அடையாள அட்டைக்கு அலைந்த கதை இரு ஊரிலும் ஒன்றாகவே இருந்தது.

இனி குறைகள். ஒன்பதாம், பத்தாம் வாரங்கள் முழுவதும் நிதி கொடுப்போர் முன்னிலையில் நடக்கும் நிறைவு விழாவுக்கான ஒத்திகையாகிவிட்டன. ஒரே நிறச் சட்டை அணிந்து, ஐந்து நிமிடத்தில் தங்கள் வெற்றியைச் சொல்லுமாறு பிள்ளைகளைப் பழக்கினார்கள். எங்கள் குழுவுக்கு அப்போது வெற்றி எதுவும் கிடைத்திருக்கவில்லை. அந்த வண்டியை அழைக்குமாறு பள்ளிக்குக் கொடுத்த கடிதத்துக்குப் பதில்கூட வரவில்லை. இல்லாத வெற்றியைச் சொல்லச் சொன்னபோது, பள்ளி அலுவலகத்தில் கேள்வி கேட்ட அந்தப் பதினேழு வயதுப் பெண் மறுத்துவிட்டாள். அவள் செய்தது சரி என்று நான் அன்றே நடத்துநர்களிடம் சொன்னேன்.

இதைவிடப் பெரிய குறை, பயிற்சி முடிந்ததும் கை விட்டுவிடுவது. பள்ளியின் பதில் ஜனவரியில் வந்தது. விண்ணப்பிக்க வேண்டிய மாணவர்களின் பெயர்ப் பட்டியலும் பெற்றோர் ஒப்புதலும் கேட்டிருந்தார்கள். எப்படித் தொகுப்பது என்று கேட்க, எங்களுக்குப் பாடம் நடத்திய இளைஞர் பணியாளரை அழைத்தால், அவருடைய ஒப்பந்தம் டிசம்பரோடு முடிந்திருந்தது. வேறு வேலை தேடிக்கொண்டிருந்த நிலையிலும் அவர் இரண்டு மாலைகள் வந்து ஊதியமின்றி உதவினார். சமூகப் பணியாளரும், குழந்தை மற்றும் இளைஞர் பராமரிப்புப் பணியாளரும் இந்நாட்டில் சட்டப்படி சமூகப் பணித் தொழில்களுக்கான மன்றத்தில் பதிவு பெற்றவர்கள். தெருவில் இளைஞர்களோடு நிற்கும் இவரைப் போன்றவர்களுக்கு அத்தகைய உறுதியான நிலை இல்லை. கட்டமைப்பை மாற்றக் கற்றுக்கொடுக்கும் ஒரு நிறுவனம், தன் பணியாளரையே நான்கு மாத ஒப்பந்தத்தில் வைத்திருப்பது எனக்கு மிகுந்த வேதனை தந்தது.

இத்தனைக்குப் பிறகும் பிள்ளைகளை அனுப்பலாமா என்றால், கட்டாயம் அனுப்புங்கள் என்பேன். ஆனால் பிள்ளைகளை மட்டும் அனுப்பாதீர்கள். உங்கள் கோயில், சங்கம், விளையாட்டுக் கழகம் எதுவாயினும் அதிலிருந்து ஒரு பெரியவரும் கூடவே பத்து வாரமும் உட்கார வேண்டும், ஏனெனில் பதினோராம் வாரத்திலிருந்து அந்த வேலையைத் தூக்கிச் சுமக்க வேறு ஆள் இருக்கமாட்டார்கள். ஒத்திகை வாரங்களை உண்மையான வேலைக்குத் திருப்பித் தருமாறு முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நடமாடும் வண்டி மார்ச் மாதத்தில் அந்தப் பள்ளிக்கு வந்தது. வண்டிக்குக் கடிதம் எழுதும் பொறுப்பு இப்போது பள்ளியின் ஆண்டுத் திட்டத்தில், பிப்ரவரி முதல் வாரத்தில், துணைத் தலைமையாசிரியர் செய்ய வேண்டிய வேலையாக எழுதப்பட்டிருக்கிறது. அடுத்த தொகுதிக்கு எங்கள் சங்கத்திலிருந்து எட்டுப் பேரும், அவர்களோடு அந்தப் பெண்ணும் போகிறார்கள்.